நுரைநீர்ப் பாதை – 9: பனிக்கால்வாயும் பாராபுல்லாவும்

கன்னியாகுமரியில் கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் கடைசியாக வந்து நிற்பது டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பழைய கல்பாலம் ஒன்று வரும். ஜஹாங்கீர் காலத்தில் கட்டியது. வளைவுகள் பதினொன்று, தூண்கள் பன்னிரண்டு. பன்னிரண்டு தூண் என்பதால்தான் பாராபுல்லா என்று பெயர் வந்தது என்பார்கள். பாலத்தின் பெயர் நாளடைவில் அடியில் ஓடிய நீருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த நீரின் கரையில், ஜங்புரா பக்கம், தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் குடிசை போட்டார்கள். பிறகு செங்கல் சுவர் எழுப்பினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தார்கள். ஊர் அதற்கு வைத்த பெயர் மதராசி கேம்ப்.

படகுப் பந்தய வரலாற்றுக்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். இத்தொடர் இப்போது வந்து நிற்கும் காலம், நகரங்கள் ஓடைகளையும் கால்வாய்களையும் பந்தயத் தடங்களாக மாற்றத் தொடங்கிய காலம். ஜெர்மனியின் ஒரு கால்வாய் எப்படி ஒலிம்பிக் களமாயிற்று என்ற கதையைச் சொல்லும்போது, நம் தலைநகரில் ஓர் ஓடை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது.

முதலில் ஜெர்மனி.

ஸ்லாலம் என்னும் படகுப் பந்தயம் 1933-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்ததையும், பனிச்சறுக்கில் கம்பங்களைச் சுற்றி வளைந்து வருவதைப் பார்த்துத் தண்ணீரிலும் கம்பம் கட்டிப் பார்த்ததையும், 1949-ல் ஜெனீவாவில் முதல் உலகப் போட்டி நடந்ததையும் முந்தைய இதழ்களில் பார்த்தோம். அதுவரை இது ஆற்றைத் தேடிப் போன விளையாட்டு. மழை பொய்த்தால் தண்ணீர் இருக்காது. பனி அதிகமாக உருகினால் வெள்ளம் கம்பங்களை அடித்துக்கொண்டு போகும். தொலைதூர மலைப் பள்ளத்தாக்குக்கு வந்து கரையில் நின்று பார்ப்பவர்களும் சொற்பம். ஒலிம்பிக் மேடை ஏற வேண்டுமானால் ஆறு ஊருக்குள் வர வேண்டியிருந்தது.

அந்த ஊர் ஆக்ஸ்பர்க். மியூனிக் நகருக்கு மேற்கே, லெஹ் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் அந்த ஆற்றைத் தடுத்து, கால்வாய்களில் பிரித்து, ஆலைகளுக்கும் குடிநீருக்கும் பயன்படுத்துவதில் அந்நகரம் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்கே ஒரு தொல்லை இருந்தது. குளிர்காலத்தில் ஆற்றில் மிதந்து வரும் பனிப்பாளங்கள் நகரத்தின் நீரேற்று நிலையத்தை நோக்கி வந்து முட்டும். அவற்றைத் திசைதிருப்பி வேறு வழியே விடுவதற்காக வெட்டியதுதான் ஐஸ்கனால் என்னும் பனிக்கால்வாய். அதில் நீர் விரைந்து ஓடும் என்பதைக் கண்டுகொண்ட உள்ளூர்ப் படகுக்காரர்கள் அங்கே பழக ஆரம்பித்தார்கள். 1957-ல் உலக ஸ்லாலம் போட்டியே ஆக்ஸ்பர்க்கில் நடந்தது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் சேர்க்கப்பட்டபோது இந்தக் கால்வாய்க்குப் புது வடிவம் கொடுத்தார்கள். கான்கிரீட்டில் கரை வளைந்தது. பாறைகளும் கான்கிரீட்டிலேயே வார்க்கப்பட்டன. எந்த இடத்தில் நீர் குதிக்க வேண்டும், எங்கே சுழல வேண்டும், எங்கே பின்னோக்கித் திரும்ப வேண்டும் என்று பொறியாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்தார்கள். ஸ்லாலத்துக்கென உலகில் எழுந்த முதல் பெரிய செயற்கைத் தடம் அதுதான்.

போட்டிக்கு முன்பே அந்தத் தடத்தை அங்குலம் அங்குலமாகக் கவனித்தவர்கள் கிழக்கு ஜெர்மானியர். பார்த்துவிட்டுப் போய், ஸ்விக்காவு நகரில் அதே போன்ற தடத்தைக் கட்டி, அதில் இரவு பகலாகப் பழகினார்கள். விளைவு: அந்த ஒலிம்பிக்கின் நான்கு ஸ்லாலம் தங்கங்களும் அவர்களுக்கே. கயாக்கில் சீக்பெர்ட் ஹார்ன், கனோவில் ரைன்ஹார்ட் ஐபென், இரட்டையர் கனோவில் வால்டர் ஹாஃப்மன் – ரால்ஃப்-டீட்டர் ஆமெண்ட், பெண்கள் கயாக்கில் ஆங்கெலிகா பாமன். சொந்த மண்ணில் நடந்த போட்டியில் மேற்கு ஜெர்மனிக்கு ஒரு தங்கம்கூட மிஞ்சவில்லை. பழக நல்ல தண்ணீர் கிடைத்தவன் ஜெயிப்பான் என்பது ஸ்லாலம் உலகில் அன்றே உறுதியாகிவிட்டது.

அந்தத் தண்ணீரில் ஒரு வீரர் என்ன செய்கிறார் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம்.

அவருடைய கயாக் மூன்றரை மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். கார்பன் இழையில் செய்தது. ஒரே கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம். இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை போன்ற ஒன்று படகின் வாயை இறுக மூடியிருக்கும். தடத்தின் மேலே குறுக்குக் கம்பிகளிலிருந்து ஜோடி ஜோடியாகக் கழிகள் தொங்கும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாயில். பச்சை வரிக் கழி என்றால் நீரோட்டத்தோடு நுழைய வேண்டும். சிவப்பு வரி என்றால் எதிர்நீச்சல். 18 முதல் 25 வாயில்கள் வரை இருக்கும். அவற்றில் குறைந்தது ஆறு சிவப்பு.

சிவப்பு வாயிலில்தான் வீரரின் திறமை தெரியும். ஓட்டத்தின் நடுவே பாறை நிற்கும். அதன் முன்பக்கம் நீர் சீறிப் பாயும். பின்பக்கம் நீர் மேல்நோக்கித் திரும்பிச் சுற்றும். கழிகள் அந்தச் சுழியில் தொங்கும். வேகமாக இறங்கி வரும் வீரர், சுழியின் விளிம்பைப் படகின் மூக்கு தொட்ட அந்த நொடியில் உடலைச் சாய்த்துத் துடுப்பை ஊன்றுவார். படகின் வால் நீருக்குள் அமிழும், மூக்கு மேலே எழும்பும், அந்த ஒற்றைத் துடுப்பை அச்சாக வைத்துப் படகு சட்டென்று திரும்பும். தோளைக் குறுக்கி, தலையைக் கழிகளுக்கு நடுவே நுழைத்து, இரண்டு இழுப்பில் மறுபடியும் பெருக்கில் பாய்வார். சட்டையின் நுனி கழியில் உரசினாலும் 2 விநாடி தண்டனை. வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி. அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது என்றே பொருள். ஒலிம்பிக் பதக்கங்கள் விநாடியின் பின்னத்தில் கைமாறியிருக்கின்றன.

ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மூங்கில் பின்னிய வட்டப் பரிசலை அருவிச் சாரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சுழியின் ஓரத்தில் ஒற்றைத் துடுப்பால் சுழற்றி எடுக்கும் அவர்கள் கண்ணும் அதே தண்ணீரைத்தான் படிக்கிறது. எந்த இடம் இழுக்கும், எந்த இடம் தாங்கும் என்று காவிரி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

1972-க்குப் பிறகு ஸ்லாலம் இருபது ஆண்டுகள் ஒலிம்பிக்கில் இல்லை. தடம் கட்டும் செலவை நினைத்து, போட்டி நடத்திய நகரங்கள் ஒதுங்கிக்கொண்டன. மீண்டும் வந்தது 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில். பிரினீஸ் மலையடிவாரத்தில் லா செயு துர்ஜெல் என்ற சின்ன ஊரில், செக்ரே ஆற்றின் ஓரம் தடம் அமைத்தார்கள். தண்ணீரை மேலே ஏற்றும் பம்புகளையே, போட்டி இல்லாத நேரத்தில் மின்சாரம் எடுக்கும் டர்பைன்களாகவும் ஓட்டும்படி வடிவமைத்தார்கள். விளையாட்டுக்குச் செலவழித்த பணம் ஊருக்கு விளக்காகவும் திரும்பி வந்தது.

1996 அட்லாண்டா போட்டிக்காக டென்னசி மாநிலத்தின் ஒக்கோயீ ஆற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மின்நிலையத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டதால் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடந்த ஆற்றுப்படுகை அது. பாறைகளைச் சேர்த்துப் படுகையைக் குறுக்கி, போட்டி நாளில் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டார்கள். அங்கே கனோவில் தங்கம் வென்ற மிகால் மார்த்திகானுக்கு வயது 17. தனி நாடான ஸ்லோவாக்கியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2004-ல் ஏதென்ஸ், பழைய விமான நிலைய நிலத்தில் கடல்நீரை இறைத்துத் தடம் அமைத்தது. லண்டன் 2010-லேயே லீ வேலி தடத்தை முடித்து, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 300 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் இறக்கம். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ரப்பர் தோணியில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக்ஸ்பர்க் கால்வாய் இன்னும் ஓடுகிறது. 2019-ல் அந்நகரத்தின் நீர் மேலாண்மை அமைப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2022-ல் உலக ஸ்லாலம் போட்டி மறுபடியும் அங்கே நடந்தது.

தண்ணீர் இல்லாத நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? டோகோ நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2008 பெய்ஜிங்கில் ஸ்லாலத்தில்தான் கிடைத்தது. வென்ற பெஞ்சமின் பூக்பெட்டி பிறந்து வளர்ந்து பழகியது பிரான்ஸில். ஜப்பானின் தகுயா ஹனேடா பள்ளிப்படிப்பை முடித்ததும் ஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டார். மொழி தெரியாத ஊரில் தங்கி, உலகின் மிகச் சிறந்த கனோ வீரர்கள் பழகும் நீரிலேயே பழகினார். 2016 ரியோவில் வெண்கலம் வென்றார். ஸ்லாலத்தில் ஒலிம்பிக் பதக்கம் தொட்ட முதல் ஆசியர் அவர். ஜப்பானுக்குச் சொந்தமாகச் செயற்கைத் தடம் கிடைத்தது அதற்கும் பிறகு, டோக்கியோ ஒலிம்பிக்குக்காகக் கட்டிய கசாய் தடம்தான்.

இந்தியாவுக்கு வருவோம்.

அமைதியான நீரில் நேர்கோட்டில் துடுப்புப் போடும் பந்தயத்தில் நமக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிப் பதக்கம் உண்டு. 1994 ஹிரோஷிமாவில் ஜானி ரோமல், சிஜி சதானந்தன் இணை 1000 மீட்டர் கனோவில் வெண்கலம் வென்றது. அடுத்த பதக்கத்துக்கு 29 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023-ல் ஹாங்சோவில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் இணை அதே பிரிவில் வெண்கலம் பெற்றது. ஸ்லாலம் ஆசியப் போட்டியில் நுழைந்தது 2010 குவாங்சோவில். அதில் இந்தியா இனிமேல்தான் பதக்க மேடை ஏற வேண்டும்.

அந்த முயற்சி நடக்கும் இடம் மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வர். அகல்யாபாய் ஹோல்கரின் தலைநகராக இருந்த ஊர். மகேஷ்வரி புடவையால் நம் ஜவுளிக்கடைகளுக்கும் தெரிந்த ஊர். ஊருக்குச் சற்றுத் தள்ளி நர்மதை கரும்பாறைகளில் மோதி எண்ணற்ற கிளைகளாகப் பிரியும் இடத்துக்கு சஹஸ்ரதாரா, அதாவது ஆயிரம் ஓட்டம், என்று பெயர். பொறியாளர்கள் கான்கிரீட்டில் வார்த்ததை நர்மதை அங்கே தானாகவே செதுக்கி வைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் ஸ்லாலம் பந்தயம் அங்கேதான் நடந்தது. நீர் விளையாட்டுகள் அந்தப் போட்டியில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டு ஹாங்சோ சென்ற இந்திய ஸ்லாலம் அணியின் பெயர்களைப் பாருங்கள்: விஷால் கேவட், சுபம் கேவட், ஹிதேஷ் கேவட், ஷிகா சௌஹான். கேவட் என்பது வட இந்தியாவில் படகோட்டிச் சமூகத்தின் பெயர். துளசிதாசரின் ராமாயணத்தில் ராமனின் காலைக் கழுவிவிட்டுத்தான் படகில் ஏற்றுவேன் என்று நிற்பவர் கேவட். நமக்குக் குகன் எப்படியோ, இந்தி பேசும் ஊர்களுக்குக் கேவட் அப்படி. தலைமுறை தலைமுறையாக மக்களைக் கரைசேர்த்த சமூகத்தின் பெயரைத் தாங்கியவர்கள் மூன்று பேர் ஒரே அணியில் இந்தியாவுக்காகத் துடுப்புப் பிடித்தார்கள்.

தெற்கே கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில், 2013 முதல் மலபார் நதித் திருவிழா நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் நுரைத்துப் பாயும்போது பல நாட்டுக் கயாக் வீரர்கள் வந்து இறங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று ஆரவாரிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகள் உலகத் தரத்துப் பந்தயத்தைத் தாங்கும் என்று அந்தச் சிற்றூர் காட்டிவிட்டது.

மகேஷ்வருக்கும் கோடஞ்சேரிக்கும் பொதுவானது ஒன்றுதான். இரண்டு இடத்திலும் ஓடும் நீரில் முகம் வைக்கலாம். கவிழாத ஸ்லாலம் வீரர் கிடையாது. கவிழ்ந்தால் தலைகீழாக நீருக்குள் தொங்கிக்கொண்டே இடுப்பை வெட்டி, துடுப்பால் நீரை அழுத்தி நிமிர்ந்தாக வேண்டும். அந்தச் சில விநாடிகளில் கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் தண்ணீர் புகும். சாக்கடையில் இந்த விளையாட்டு இல்லை.

இனி பாராபுல்லாவுக்குத் திரும்புவோம். தெற்கு டெல்லியின் மழைநீரை வாங்கி யமுனையில் சேர்க்கும் ஓடை அது. ஒரு காலத்தில் முகலாயப் படையும் பரிவாரமும் அதன்மேல் பாலம் கட்டிக் கடக்கும் அளவுக்கு நீரோட்டமாக இருந்தது. நகரம் பெருக்கப் பெருக்க அதில் கழிவுநீர் கலந்தது; ஓடை நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய், ஆயிற்று. 1376 கிலோமீட்டர் ஓடும் யமுனையில் டெல்லி நகருக்குள் வஜீராபாத் முதல் ஓக்லா வரை ஓடுவது வெறும் 22 கிலோமீட்டர். ஆற்றின் மாசில் மிகப் பெரும்பங்கு அந்த 22 கிலோமீட்டரில் இதுபோன்ற நாலாக்கள் வழியாகத்தான் சேர்கிறது.

விளையாட்டு இந்த ஓடைக்கு ஒருமுறை வந்திருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டியின்போது, யமுனைக் கரை விளையாட்டுக் கிராமத்திலிருந்து ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்கு வீரர்கள் நெரிசலில் மாட்டாமல் போவதற்காக ஓடையின் தடத்திலேயே மேம்பாலச் சாலை எழுப்பினார்கள். பஸ்களில் வீரர்கள் மேலே போனார்கள். கீழே கறுப்பு நீர் அப்படியே நின்றது. அதன் கரையில், பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தும் தினக்கூலிக்குப் போயும், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியும் மதராசி கேம்ப் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஓடை அடைத்துக்கொண்டு மழைக்காலத்தில் சுற்றுவட்டாரம் மூழ்குகிறது, அதைத் தூர்வார வேண்டும் என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று பட்டியலில் வந்த குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். வேலை செய்யும் வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கே, குடியிருப்பு அங்கே. பட்டியலில் பெயர் வராத குடும்பங்களும் நூற்றுக்கு மேல்.

தூர்வார வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. வெள்ளம் வந்தால் முதலில் வீட்டுக்குள் வாங்குவது கரையோரத்து ஏழைகள்தான். ஆனால் பாராபுல்லாவைக் கறுப்பாக்கியது அதன் முழு நீளத்துக்கும் நகரம் விட்ட கழிவு. கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்தியதால் மட்டும் அந்த நீர் தெளிந்துவிடாது. ஆக்ஸ்பர்க் தன் கால்வாயை ஒவ்வொரு தலைமுறையிலும் பராமரித்தது. பனிப்பாளத்துக்காக வெட்டிய வாய்க்காலில் பின்னாளில் அவ்வூர்ப் பிள்ளைகள் ஒலிம்பிக் கனவோடு துடுப்புப் போட்டார்கள். டெல்லி தன் ஓடையை மறந்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் அதன் கரையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள்.

ஆறு மீளுமா என்பதற்கும் ஒரு ஸ்லாலம் வீரரே பதில் சொல்லியிருக்கிறார். பிரான்ஸின் டோனி எஸ்டாங்கே 2000, 2004, 2012 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் கனோ ஸ்லாலத்தில் தங்கம் வென்றவர். பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராக இருந்தவரும் அவரே. 1923 முதல் குளிக்கத் தடை இருந்த செயின் ஆற்றைச் சுத்தம் செய்ய அந்த ஒலிம்பிக்கை ஒட்டிச் சுமார் 140 கோடி யூரோ செலவிட்டார்கள். கழிவுநீர்க் குழாய்களை மாற்றினார்கள். மழைநீரைத் தேக்கி வைக்க நிலத்தடியில் பிரமாண்டமான தொட்டி கட்டினார்கள். மழை பெய்த நாட்களில் பயிற்சி ரத்தானதும், போட்டி தள்ளிப்போனதும் உண்டு. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு 34 நாட்கள் கழித்து, 2025 ஜூலை 5 அன்று, பாரிஸ் மக்கள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு செயின் ஆற்றில் அனுமதியோடு இறங்கிக் குளித்தார்கள்.

2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் நாமும் எங்காவது ஒரு நுரைநீர்த் தடம் கட்டுவோம். கட்ட வேண்டும்தான். அதற்கு முன்னால் பாராபுல்லாவில் விழும் கழிவுநீரை நிறுத்தட்டும். பட்டியலில் விடுபட்ட மதராசி கேம்ப் குடும்பங்களுக்கும் கூரை தரட்டும். இரண்டையும் டெல்லி செய்ய முடியும். இரண்டையும் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

(அடுத்த இதழில்: அக்காவும் தங்கையும் வென்ற நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் – ஃபாக்ஸ் குடும்பத்தின் கதை)